சீட்டும் சிறையும்

"காசைக் கொடு, கொன்றுகொள்!" என்று எந்த அரசாங்கமும் வாசலிலே பலகை மாட்டுவதில்லை. மாட்டினால் மக்கள் முகஞ் சுளிப்பர். ஆனால் அதே செய்தியை அழகான சீட்டிலே அச்சிட்டு, எண் போட்டு, முத்திரை குத்தி விற்றால் அது சட்டமாகிவிடுகிறது. சட்டமானதும் அறமும் ஆகிவிட்டது என்றே பலர் எண்ணிக்கொள்கின்றனர்.

அமெரிக்க நாட்டிலே நீர்ப்பறவை வேட்டைக்கு 1934-ஆம் ஆண்டிலேயே ஒரு முத்திரைத்தலை வந்தது. வாத்து முத்திரை என்பது அதன் பெயர். அன்று அஞ்சலகத்திலே விலை 1 டாலர். இன்று 25 டாலர். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மின்வழியே விற்றுப் பார்க்கச் சில மாநிலங்களுக்கு வழி திறந்தது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விற்பனையை நிலையாக்கிற்று. 2023-இல் வந்த சட்டமோ, மின்சீட்டே பருவம் முழுவதற்கும் போதும் என்றது. வீட்டில் அமர்ந்தபடியே விரலை அழுத்தினால் வேட்டையுரிமை கைக்கு வந்துவிடும்!

அங்கே வாத்தை எவரோ சுட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கவலை உண்டு, தோழர்களே. நம் ஊர்க் காட்டுப் பாதைகளுக்கும் இன்று மின்சீட்டு வந்துவிட்டது. 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத் தீ விழுங்கிய அதே குரங்கணியிலே, 2024 முதல் வனத்துறை இணையவழியே சீட்டு விற்று, வழிகாட்டியைத் துணைக்கு அனுப்புகிறது. இதை நாம் வரவேற்கிறோம். சிபாரிசுக் கடிதம் தேடி அலைய வேண்டியதில்லை, "நீ யார், எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கணிப்பொறி கேட்பதில்லை, கைகட்டி வாய் பொத்தி நிற்க வேண்டியதுமில்லை. தரகரை விரட்டிய பொறியைத் தன்மான உணர்வுடையோர் எவரும் பழிக்கமாட்டார்.

ஆனால் விற்கும் முறை நேர்மையானது என்பதாலேயே விற்கப்படும் பொருளும் நேர்மையானதாகிவிடுமா? நடப்பதற்கு விற்ற சீட்டைச் சுடுவதற்கும் விற்றால் என்ன? இளைஞர் சிலர் இப்படிக் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான்.

கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயலும், அதையொட்டிய கண்மாய்களும் முல்லைப் பெரியாற்று நீரால் செழிக்கின்றன. அந்த நீரை நம்பி மடையானும் கொக்கும் நாமக்கோழியும் வருகின்றன. எல்லை கடந்து வரும் வாத்து எந்நாட்டுக் குடிமகன்? உரிமையாளர் இல்லாத உயிரை விற்பதற்கு உரிமை எங்கிருந்து முளைத்தது?

நம் நாட்டிலும் அந்த விற்பனை நடந்தது. 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டமே தொடக்கத்தில் பெருவேட்டைக்கு ஒன்று, சிறுவேட்டைக்கு ஒன்று என உரிமங்களை வகுத்து வைத்திருந்தது. 1991-இல் செய்த திருத்தம்தான் அந்த வாயிலை அடைத்தது.

அதற்கும் முந்திய காலத்திலே சீட்டைப் பற்றிக் கவலைப்படாத சீமான்கள் இருந்தனர். பரத்பூர் ஏரியிலே 1938 நவம்பர் 12-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோவின் கூட்டம் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. ஒரே நாளில்! யாரும் வழக்குத் தொடரவில்லை. கல்லிலே கணக்கைப் பொறித்து நட்டு வைத்தனர். கல் இன்றும் நிற்கிறது. அதே பரத்பூர் தேசியப் பூங்காவானபின், 1982-இல், மாடு மேய்க்கத் தடை விதித்தார்கள். எதிர்த்துத் திரண்ட ஊரார்மீது காவல்துறை சுட்டது, மனிதர் மாண்டனர். பறவையைச் சுட்டவனுக்குக் கல்வெட்டு. புல்லைக் கேட்டவனுக்குத் துப்பாக்கிக் குண்டு! பாதுகாப்பு எனும் சொல்லுக்குள்ளே வருக்கம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே தடை வந்தது கண்டு மகிழும் நாம், அத்தடையின் பாரம் எவன் தோளில் விழுந்தது என்றும் பார்த்தாக வேண்டும். துரைமார் கப்பலேறிப் போயினர். மன்னர் வீட்டார் மாளிகையை விடுதியாக்கிப் பிழைத்துக்கொண்டனர். தமிழகத்திலே பறவையின் பெயரையே தன் இனப்பெயராகச் சுமந்தவர் குருவிக்காரர். வலையும் கண்ணியும் அவர்தம் உழவுக் கருவிகள். இன்று வயலோரத்தில் இரண்டு மடையானைப் பிடித்துக் கயிற்றில் கோத்து விற்பவன் சிக்கினால், மூன்றாண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம் என்கிறது சட்டம். வலையைச் சுருட்டு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டோம். சுருட்டியபின் அடுப்பில் எதை வைப்பான் என்று எத்தனை வரி எழுதினோம்? அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். திருத்தம் வந்து 31 ஆண்டுகள் கழித்து!

"பார்த்தீர்களா, அமெரிக்கன் கெட்டிக்காரன்! வேட்டையாடுபவனிடமே காசு வாங்கி ஏரியைக் காக்கிறான்" என்பார் உளர். இந்த வாதத்தை எள்ளித் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. முத்திரை விற்ற பணத்தில் ஏறத்தாழ முழுவதும் நீர்நிலங்களை வாங்கவும் காக்கவும் செலவாகிறது. 60 இலட்சம் ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டிருக்கிறது. சுடாதவர்கள்கூடப் பறவைமீதுள்ள பற்றால் அதை வாங்குகின்றனர். நம் கண்மாய்களிலோ ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, ஆக்கிரமிப்பு ஊர்கிறது. கொல்லாதே என்று எழுதிவிட்டு, வாழும் இடத்தை வற்றவிடுவது என்ன அருளறம்?

எனினும் சுடாதவரும் விரும்பிக் காசு தரும்போது, ஏரியைக் காக்கத் துப்பாக்கிதான் வேண்டும் என்பது எப்படிச் சரியாகும்? இதற்கு விடை காண அமெரிக்கா வரை போக வேண்டியதுமில்லை. வேடந்தாங்கல் போதும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் ஆட்சித்தலைவர் லயனல் பிளேசிடம் முறையிட்டுத் தம் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலே வாங்கினர். வேதம் சொன்னதால் அன்று, புண்ணியம் தேடியும் அன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. கண்ணால் கண்ட பயனைக் காத்தனர். இதைவிடப் பகுத்தறிவு வேறென்ன? அங்கே காவலுக்கு விலை கொடுத்தது துப்பாக்கிக்காரன் அல்லன். தண்ணீரைப் பயன்படுத்திய ஊரே கொடுத்தது. தன் உழைப்பால், தன் விழிப்பால்.

பயிரைத் தின்னும் பன்றியைச் சுட வேண்டிய நிலை வேறு. காப்புக்காட்டுக்கு நெடுந்தொலைவில் புகும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் எனத் தமிழக அரசு 2025 ஜனவரியில் இசைந்தது. உழவன் உயிர்வாழச் செய்யும் தவிர்க்கவொண்ணாச் செயல் அது. அதற்கும் விலைச்சீட்டு அச்சிடுங்கள், பொழுதுபோக்காகச் சுட வருவோரை அழையுங்கள் என்றால், அந்த நொடியே அதன் நியாயம் செத்துவிடும். எதற்காகக் கொல்கிறோம் என்ற கேள்வி, எவ்வளவு கொடுத்தாய் என்ற கேள்வியாக மாறுகிற இடத்திலேதான் நாம் மறித்து நிற்கிறோம்.

முல்லைப் பெரியாற்று நீரைக் குடிப்பவர் நாம். அந்நீரில் விளைந்த சோற்றை உண்பவரும் நாம். கண்மாய்க் காவலின் செலவை நாம் ஏற்க வேண்டும். காவல் வேலையில் குருவிக்காரருக்கு முதலிடம் தர வேண்டும். எந்தப் பறவை எம்மாதத்தில் எந்த மடையருகே இறங்கும் என்பதைப் பட்டப்படிப்பு படித்த நம்மைவிட அவன் அறிவான். இன்று அவன் பிள்ளை பழங்குடிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது பெரியகுளம் அல்லது உத்தமபாளையம் கோட்ட அலுவலகத்துக்கு மின்வழியே போய்ச் சேருகிறது. கண்மாய்க் காவலர் பணியாணையும் அதே மையத்தின் அதே கணிப்பொறி வழியே அவன் வீட்டுக்கு வரட்டும். மின்வழிச் சீட்டைப் போற்றிக் கட்டுரை எழுத நாமே முதலில் பேனாவை எடுப்போம்.