கூலிக்குச் சபிக்க வந்தவன்



மகனுக்கு வேலை தவறிப்போனால், குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால், "யாரோ வயிறெரிந்து இட்ட சாபம்" என்று இரவில் கண் விழித்துக் கலங்குகிற வீடுகள் உண்டு. யார் அவன் என்று அண்டை அயலாரை ஒவ்வொருவராக மனதிலே நிறுத்தி விசாரணை செய்கிறவர்களும் உண்டு. ஒரு மனிதனின் வாய்ச்சொல்லுக்கு இன்னொருவனுடைய வாழ்வைக் கெடுக்கும் வல்லமை உண்டா? இது இன்று பிறந்த கேள்வியல்ல. எண்ணாகமத்தின் 22, 23, 24-ஆம் அதிகாரங்கள் முழுவதும் இதைப் பற்றியவையே.

எஜிப்திலிருந்து வெளியேறிய இஸ்ராயேலர், எரிக்கோவுக்கு எதிரே யோர்தான் நதியின் இக்கரையில் மோவாபு நாட்டுச் சமவெளியில் கூடாரமடித்திருந்தார்கள். மோவாபின் அரசன் பாலாக் அவர்களுடைய தொகையைக் கண்டு நடுங்கினான். போரிட அவனுக்குத் துணிவில்லை. ஆகவே ஐபிராத்து நதிக்கரையில் பெத்தோர் என்னும் ஊரிலிருந்த, பெயோரின் மகன் பாலாம் என்னும் குறிகாரனுக்கு ஆள் அனுப்பினான். தூதர்கள் வெறுங்கையோடு போகவில்லை; குறிகூலியைக் கையிலேயே கொண்டுபோனார்கள். சாபம் அந்நாளில் விலைக்குக் கிடைத்த சரக்கு என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பாலாம் அக்கம்பக்கத்து ஜாதிகளிடையேயும் பேர்போனவனாயிருந்தான். 1967-ஆம் ஆண்டில் யோர்தான் பள்ளத்தாக்கின் கீழ்க்கரையில் தேர் அல்லா என்னுமிடத்தில் தோண்டிய டச்சு ஆராய்ச்சியாளர், சுவர்ப்பூச்சின்மேல் கறுப்பு, சிவப்பு மைகளால் எழுதிய எழுத்துக்களைக் கண்டெடுத்தார்கள். ஏறக்குறைய கி.மு. 800-ஐச் சேர்ந்த அந்த எழுத்தில் பெயோரின் மகன் பாலாம் என்கிற பெயர் தெளிவாக நிற்கிறது. அதை எழுதியவர்கள் இஸ்ராயேலின் தேவனைத் துதிக்கவில்லை. வேறு தெய்வங்களைப் பற்றியே பேசுகிறார்கள். பாலாக் எவனோ ஒரு தெருச் சோதிடனைத் தேடிப்போகவில்லை என்பது இதனால் விளங்கும்.

வழியிலே நடந்ததை ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளும் அறிவார்கள்: உருவிய வாளோடு நின்ற சம்மனசைக் கழுதை கண்டது, பேர்போன ஞானதிருஷ்டிக்காரன் காணவில்லை. பிறகு மூன்று மலையிடங்கள். ஒவ்வொன்றிலும் 7 பலிபீடங்கள், 7 காளைகள், 7 ஆட்டுக்கடாக்கள். மூன்று முறைக்கும் கூட்டிப் பாருங்கள்: 21 பீடங்கள், 42 மிருகங்கள். ஓரிடத்தில் பலிக்காவிட்டால் இன்னோரிடத்தில் பலிக்கும், முழு ஜனத்தையும் பாராமல் ஓரத்தை மட்டும் பார்த்தாலாவது சாபம் ஒட்டிக்கொள்ளும் என்பது அரசனின் கணக்கு. ஆனால் பாலாம் வாயைத் திறந்தபோதெல்லாம் ஆசீர்வாதமே வந்தது. ஆண்டவர் சபிக்காதவர்களைத் தான் எப்படிச் சபிப்பது என்று அவனே அரசனைக் கேட்டான். பாலாக் கைகளைத் தட்டிக் கோபித்து, பேசிய கூலியைக் கொடாமல் அனுப்பிவிட்டான். அந்த மலைமேல் பிறந்த சில வார்த்தைகளை யூதர் இன்றும் செபக்கூடத்தில் நுழைகையில் சொல்லுகிறார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நம் மனதை அதிகமாகத் தொடுவது வேறொன்று. மலைமேல் இவ்வளவும் நடந்தபோது கீழே கூடாரங்களில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்ததாக எழுதப்படவில்லை. தாய்மார் மன்னா பொறுக்கியிருப்பார்கள், பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள். ஒருவரும் தாயத்துக் கட்டவில்லை, பரிகாரம் தேடவில்லை. தங்களுக்கு விரோதமாகப் புறப்பட்ட சொல் ஆசீர்வாதமாய் மாறியதையும் அவர்கள் அறியவில்லை. அறியாமலே காக்கப்பட்டார்கள்.

ஆனால் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் திகில் பிடிக்கும். அதே சமவெளியில் அதே ஜனம் மோவாபுப் பெண்களோடு கூடி, அவர்களுடைய தேவதைக்குப் படைத்ததை உண்டு வணங்கிற்று. கொள்ளைநோயில் 24,000 பேர் மாண்டார்கள். இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்தவன் பாலாமே என்று 31-ஆம் அதிகாரம் கூறுகிறது. 42 மிருகங்களைப் பலியிட்டும் வெளியிலிருந்து திறக்க முடியாத கதவை அவர்களே உள்ளிருந்து திறந்துவிட்டார்கள். இதைக்கொண்டு, துன்பப்படுகிறவன் எல்லாம் பாவி என்று தீர்ப்பிட வேண்டாம். அப்படித் தீர்ப்பிட்ட யோபுவின் நண்பர்களை ஆண்டவரே கண்டித்தார்.

ஆசீர்வாதம் யாரிடமிருந்து வருகிறது? எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் ஆரோனும் அவர் புதல்வரும் ஜனத்தை ஆசீர்வதிக்கும் முறை சொல்லப்படுகிறது. எபிரேயத்தில் 15 சொற்களே. ஆசீர்வதித்தலுக்கு அடுத்தபடியாகவே காத்தல் அதிலே வருகிறது. குருக்கள் தம்முடைய நாமத்தை ஜனத்தின்மேல் வைக்கட்டும், ஆசீர்வதிப்பவர் தாமே என்று ஆண்டவர் அங்கே திட்டமாகச் சொல்லிவிடுகிறார். 1979-ல் எருசலேமில் இன்னோம் பள்ளத்தாக்கின் மேலுள்ள கல்லறைக் குகையொன்றில் காபிரியேல் பார்க்காய் என்பவர் நடத்திய ஆராய்ச்சியில், சுருட்டிய இரண்டு சிறு வெள்ளித் தகடுகள் அகப்பட்டன. பெரிதானதும் விரித்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். கிழியாமல் விரிக்க ஆண்டுகள் பிடித்தன. அவற்றில் இந்த ஆசீர்வாதத்தின் சொற்கள் கீறப்பட்டிருந்தன, கி.மு. 600-ஐ ஒட்டியவை என்பர். தீமைக்குப் பயந்த யாரோ கழுத்தில் கட்டி, சாவிலும் கழற்றாமல் போயிருக்க வேண்டும். அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் வெள்ளி காப்பாற்றும் என்று நம்பினார்களோ, வெள்ளியில் எழுதிய நாமம் காப்பாற்றும் என்று நம்பினார்களோ, அதை ஆண்டவரே அறிவார்.

அப்படியானால் எந்தச் சாபத்துக்கும் அஞ்ச வேண்டாமா? இங்கேதான் பலர் தவறிப்போகிறார்கள். நீதிமொழி ஆகமம் முகாந்தரமில்லாத சாபமே தங்காது என்கிறது. முகாந்தரமுள்ளது எப்படி? கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு, அவன் உன்னைக் குறித்து ஆண்டவரிடம் முறையிட இடங்கொடாதே என்கிறது உபாகமம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சீராக்கின் ஞான நூல் இன்னும் துலக்கமாகப் பேசுகிறது: ஏழை மனக்கசப்பால் உன்னைச் சபித்தால், அவனைப் படைத்தவர் அவனுக்குச் செவிகொடுப்பார். கூலி வாங்கிக்கொண்டு சபிக்க வந்த பாலாமின் சொல் காற்றாய்ப் போயிற்று. கூலி கிடையாதவனின் பெருமூச்சு மேலே சேருகிறது. நாமோ எதிர்வீட்டுக்காரியின் கண்ணுக்கு அஞ்சுகிறோம். நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்குக் கொடாமல் இழுத்தடித்த இரண்டு மாதச் சம்பளத்துக்கு அஞ்சுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இட்ட சாபம் முகாந்தரமுள்ளதோ இல்லாததோ என்று நமக்கே புரியாத வேளைகள். அப்சலோமுக்குத் தப்பி வெறுங்காலோடு ஓடிய தாவீது அரசரை, சேமெயி என்பவன் மலையோரமாய்த் தொடர்ந்துவந்து, இரத்தப்பிரியனே என்று சபித்துக் கல்லெறிந்தான். கூட இருந்த அபிசாயி அவன் தலையை வாங்க உத்தரவு கேட்டான். ஊரியாவின் சாவு அரசருக்கு மறந்திருக்குமா? அவர் வேண்டாமென்றார். சபிக்கும்படி ஆண்டவரே விட்டிருந்தாலோ? ஒருவேளை இதற்குப் பதிலாக அவர் நன்மை செய்யவும் கூடும் என்றார். இதே தாவீது மரணப் படுக்கையில் சேமெயியைச் சும்மா விடாதே என்று சலமோனிடம் சொன்னதையும் வேதாகமம் மறைக்கவில்லை. மன்னிப்பு அவ்வளவு சுலபமல்ல. ஆனால் அன்றைக்கு அவர் வாளை உருவவிடவில்லை, பதிலுக்குச் சபிக்கவுமில்லை. எதிரே அவன் புழுதியை வாரித் தூற்றிக்கொண்டே வர, அரசரும் ஜனமும் நடந்துபோய், களைத்துச் சேர்ந்து, அங்கே இளைப்பாறினார்கள்.