புலனடக்கமும் புலன் கூர்மையும்

புலன்களை அடக்குதலே ஞானத்திற்கு வழி என்று சாஸ்திரங்கள் விதிக்கும்போதெல்லாம், அறிவு புகும் வாயில்களை அடைத்துவிட்டு அறிவை எங்ஙனம் பெறுவது என்னும் ஆட்சேபமும் உடன் எழுவது இயல்பே. ஜடப்பொருளைக் காட்டி ஆத்ம விஷயத்தை நிரூபித்துவிட முடியாதெனினும், அந்த ஆட்சேபம் எவ்விடத்தில் பிழைபடுகிறது என்று காண, இண்டியம் ஆன்டிமனைடு என்ற குறைகடத்தியின் சுபாவம் பெரிதும் துணைசெய்கிறது.

குறைகடத்தியில் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான் விடுபட்டு ஓடக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் வேண்டும். ஆற்றல் இடைவெளி எனப்படும் அந்த அளவு சிலிக்கனில் 1.12 எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்க, இண்டியம் ஆன்டிமனைடில் அறை வெப்பநிலையில் 0.17 மட்டுமே. ஆகவே, சிலிக்கனைச் சலனப்படுத்த வலிமையற்ற அகச்சிவப்புக் கிரணங்களும் இதனைத் தட்டி எழுப்பிவிடுகின்றன. ஆனால் எந்த மென்மையால் புறத்தே வரும் கிரணத்தை அது உணர்கிறதோ, அதே மென்மையால் தன்னுள் இருக்கும் உஷ்ணத்திற்கும் அது அதிர்கிறது. கிரணம் எதுவும் வாராத இருளிலும் எலக்ட்ரான்கள் தாமே துள்ளி ஓட, வந்த செய்தி எது, தன் பிதற்றல் எது என்று பிரித்தறிய இயலாது போகிறது. அதனாலேயே அதனைத் திரவ நைட்ரஜனால் சுமார் −196 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்துப் பயன்படுத்துகிறார்கள்.

அவ்வாறு குளிர்ந்த நிலையில் இடைவெளி 0.23 ஆக விரிகிறது. அறை வெப்பத்தில் 7 மைக்ரான் அலைநீளம் வரை எட்டிய உணர்வெல்லை, சுமார் 5.5 மைக்ரானுக்குள் ஒடுங்குகிறது. எல்லை குறைந்தது நஷ்டமே. ஆயினும் எஞ்சிய எல்லைக்குள் அது சொல்வதை நம்பலாம். 2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியில், 3.6, 4.5 மைக்ரான் அலைநீளங்களில் தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளியை வாங்கியவை கடுங்குளிரில் வைக்கப்பட்ட இப்படிகங்களே.

அறை வெப்பத்திலேயே சிலிக்கன் அமைதியாக இருக்கிறதே, அதுவன்றோ மேலானது எனின், அக்கிரணங்களுக்கு அது குருடு என்பதே விடை. சலனமின்மை எல்லாம் சாந்தியாகிவிடாது. பிறர் துயரம் தீண்டாத நெஞ்சின் மரத்த நிலையை வைராக்கியம் என்று எவரும் போற்றுவதில்லை. எளிதில் அசையும் இயல்புடையவனுக்கே அடக்கம் தேவைப்படுகிறது. அவனிடத்திலேயே அது பயனும் தருகிறது.

ஆகவே ஆட்சேபிப்போர் அஞ்சுவதுபோல் அடக்கம் வாயிலை அடைப்பதில்லை. உள்ளே எழும் இரைச்சலைத் தணிக்கிறது. அதன்பொருட்டு, எட்டக்கூடியவற்றுள் சிலவற்றை இழக்க நேரும் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அனைத்தையும் அறிந்ததாக மயங்குவதினும், சிறிதாயினும் உள்ளதை உள்ளவாறு அறிவதே மேல் என்று துணிந்தவனுக்கே இந்த மார்க்கம் உரியது.