ஒரு நடனத்தின் பூர்வோத்தரம்

ஒரு பொருளின் இயல்பை அறிய விரும்புகிறவன் அதன் பிறப்பை ஆராய வேண்டுமா, அன்றி அது இன்று நிற்கும் நிலையை ஆராய்ந்தால் போதுமா என்ற வினா தத்துவ சாஸ்திரத்தில் மிகப் பழையது. காரியமானது காரணத்திலேயே சூட்சுமமாக அடங்கிக் கிடந்து பின்னர் வெளிப்படுகிறது என்பர் சற்காரியவாதிகளான சாங்கியர். நம் சைவ சித்தாந்திகளுக்கும் அதுவே சம்மதம். முன்பு இல்லாத ஒன்றே புதிதாக உண்டாகிறது என்பர் நையாயிகர். மண்ணையும் குடத்தையும் முன்வைத்து நெடுங்காலம் நடந்த இந்த வாதத்தை, ஐரோப்பிய சங்கீதத்தில் சாரபாந்த் என்று வழங்கும் நடன வகையின் சரித்திரத்தில் பொருத்திப் பார்த்தால், குடத்தைக் காட்டிலும் சிக்கலானதோர் உதாரணம் அகப்படுகிறது.

சங்கீத அகராதியைத் திறப்பவருக்கு இதன் லட்சணம் சிரமமின்றிக் கிடைத்துவிடும்: மூன்று எண்ணிக்கை கொண்டது, சௌக்க காலத்தில் நடப்பது, இரண்டாம் எண்ணிக்கையில் சற்றே ஊன்றி நிற்பது, கம்பீரமும் சோகமும் கலந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையில் உருப்பெற்று, பிறகு ஜெர்மானிய வித்துவான்களின் நடனக் கோவைகளில் நிரந்தர ஸ்தானம் அடைந்த சாரபாந்துக்கு இது பொருந்தும். அவர்களுள் ஒருவரான பாக், செல்லோ வாத்தியத்துக்கு எழுதிய ஆறு கோவைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சாரபாந்த் உண்டு. ஐந்தாவது கோவையில் உள்ளதோ, உடன் ஒலிக்கும் ஸ்வரம் ஒன்றுகூட இன்றி ஒற்றை இழையாகவே செல்வது. நடனம் என்று பெயர் பெற்றிருந்தும், அதைக் கேட்டு எழுந்து ஆடத் துணிபவர் இரார்.

ஆனால் இப்பெயர் முதன்முதலில் ஏட்டில் காணப்படுவது ஐரோப்பாவிலேயே அன்று. 1539-ல் பனாமாவில் எழுதப்பட்ட ஒரு ஸ்பானியச் செய்யுளில். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மெக்ஸிகோ நாட்டுப் பூர்வ குடிகளின் வழக்கங்களை எழுதிவைத்த தியேகோ துரான் என்னும் துறவி, அவர்களுடைய துடுக்கான ஆட்டம் ஒன்றை விளக்க வந்தபோது, தம் நாட்டார் அறிந்த இந்த நடனத்தையே உவமை காட்டினார். கிதாரும், சிப்ளாக்கட்டையை ஒத்த கைக்கருவியும் முழங்க, துரித காலத்தில், பாட்டும் கூத்துமாக ஸ்பெயினில் பரவிய இதனை 1583-ல் அரசு தடை செய்தது. பாடுவோருக்கு 200 கசையடி. அதற்கு மேல் ஆடவருக்கு ஆறு ஆண்டுகள் அரசாங்கக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்டிருக்கு நாடு கடத்தல். இயேசு சபையைச் சேர்ந்த பேரறிஞர் ஹுவான் தெ மரியானா, பொதுக் கேளிக்கைகளைக் கண்டித்து 1609-ல் வெளியிட்ட நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இதன் சொல்லும் அசைவும் நல்லோரையும் நிலைகுலையச் செய்யும் என்பது அவர் கட்சி.

இனி, 1727-ஆம் ஆண்டுக்கு வருவோம். லைப்சிக் நகரின் தோமையார் ஆலயத்தில், பெரிய வெள்ளிக்கிழமையன்று, மத்தேயுவின் சுவிசேஷப்படி கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் பெருங்கீதம் அரங்கேறியதாகக் கொள்வர். அதன் முடிவில், கல்லறையின் அருகே அமர்ந்து விசுவாசிகள் கண்ணீர் சொரியும் கோஷ்டி கானம் நடப்பது சாரபாந்தின் நடையில். கசையடிக்கு இலக்கான கூத்து, இரட்சகரின் சமாதியில் புலம்பலாகிவிட்டது.

இந்தச் சோகம் பனாமாவிலேயே பீஜமாக இருந்தது என்று சற்காரியவாதி சொல்லக்கூடும். என் மனம் அதற்கு இசையவில்லை. பிரெஞ்சுக்காரர் இதனை நிதானமாக்கிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், இங்கிலாந்தில் தாமஸ் மேஸ் 1676-ல் எழுதிய நூல் இதனை இலேசான, விளையாட்டுத்தனமான வகையாகவே வர்ணிக்கிறது. ஒரே பீஜத்திலிருந்து ஒரே காலத்தில் அழுகையும் சிரிப்பும் முளைத்தன என்றால், பீஜம் என்பதற்கு என்ன அர்த்தம்? நையாயிகரின் பக்கம் சாய்வதும் எளிதன்று. ஒவ்வொன்றும் புதிது என்றால் ஒரே பெயரில் வழங்குவது வெறும் சோம்பலாக முடியும். இசை வித்துவான் ஹாண்டெல் 1705-ல் ஹாம்பர்க்கில் ஓர் இசை நாடகத்துக்காக எழுதிய சாரபாந்தின் மெட்டை, 1707-ல் ரோமாபுரியில், ஒரு கர்தினால் இயற்றிய நீதி நாடகத்தில், ஆன்மாவை மயக்கும் இன்பம் என்னும் பாத்திரத்தின் வாயில் வைத்தார். 1711-ல் லண்டனிலோ அதே மெட்டு, சிறைப்பட்ட பெண்ணொருத்தி அழ அனுமதி கேட்கும் பாட்டாயிற்று. மயக்குவதற்கும் அழுவதற்கும் ஒரே மெட்டு உதவிற்று என்பதைக் கண்டபின், இதன் சாரம் இன்ன ரசம் என்று அறுதியிடுவது எப்படி?

ஆகவே, இதன் ஒருமை மாறாத லட்சணத்தில் இல்லை, பரம்பரையில் இருக்கிறது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒருவர் கைக்கொண்டு சற்றே திருத்த, அடுத்தவர் அந்தத் திருத்தத்தையே மூலமாகக் கொள்ள, அந்தத் தொடர்ச்சியின் பெயர்தான் சாரபாந்த். பிறப்பைச் சொல்லாமல் அதனை விளக்க முடியாது. பிறப்பைச் சொல்லி அதற்குத் தீர்ப்பு வழங்கவும் முடியாது.

இழிந்தது உயர்ந்தது, அசுத்தம் பரிசுத்தமாயிற்று என்று இக்கதையைப் பக்தி ரசத்தோடு சொல்வாரும் உளர். கேட்பதற்கு இனியதாயினும், ஆதாரங்கள் அதற்கு இடம் தரவில்லை. மரியானா மனம் நொந்து குறிப்பிடும் செய்திகளில் ஒன்று, அந்த ஆட்டம் தேவ நற்கருணைத் திருவிழாப் பவனியிலும் கன்னிமாடங்களிலும் புகுந்துவிட்டது என்பது. அது பின்னாளில் நேர்ந்த சீர்கேடும் அன்று. மெக்ஸிகோவில் பெத்ரோ தெ த்ரேஹோ என்னும் கவி, அதே திருவிழாவுக்காகச் சாரபாந்துக்குத் தெய்வத் துதியை இயற்றி அளித்தது 1569-ல். பாக் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பு, ஸ்பானிய அரசு கசையடியை விதிப்பதற்கும் பதினான்கு ஆண்டுகள் முன்பு.