லயத்துக்குள் ஒரு சிறுபான்மை

2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேர் பௌத்தர், 19 பேர் இந்துக்கள். முஸ்லிம்கள் ஆறுக்குச் சற்றுக் குறைவு. கிறிஸ்தவர்கள் இரண்டு சொச்சம். முதியங்கனை பௌத்த விகாரையின் ஊரான பதுளையில் தாம் சிறுதொகை என்பதை அறிந்தேதான் தேயிலைத் தோட்டத்து இந்துத் தமிழ்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். 1983 யூலையில் பதுளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, தொகையில் குறைந்தவர் படும் பாடு என்ன என்பதை அவர்களின் குடும்பத்து மூத்தவர்கள் கண்ணாலேயே கண்டார்கள்.

பசறைப் பக்கமோ தெமோதரைப் பக்கமோ ஒரு தோட்டத்துக்குள் போனால் இந்தக் கணக்குப் புரண்டுவிடுகிறது. கோயிலில் மாரியம்மனும், மலையில் கவ்வாத்துச்சாமியும், தொழிற்சாலையில் ரோதமுனியும் காக்கும் அந்த இடத்தில் இந்துக்களே பெருந்தொகை. சிறுபான்மை என்பது அதே லயத்தில், தொழிலாளரின் அந்த வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராவில் இருக்கிற வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். அல்லது அண்மையில் மதம் மாறிக் கிறிஸ்தவச் சபைக்குப் போன குடும்பம்.

முறுகல் பெரும்பாலும் காசில் தொடங்குகிறது. கோயில் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. சபைக்குப் போனவர் அதை வேண்டாம் என்கிறார். திருவிழாவில் அண்ணன் சாமி தூக்க, தம்பி விலகி நிற்கிறான். அது வலிக்கும், அந்த வலியை நான் சிறிதாக எண்ணவில்லை. அயலவர் கும்பிடும் தெய்வத்தைப் பேய் என்று சொல்லும் பிரசங்கியும் பெரிய தவறு செய்கிறார். என்றாலும், நம்பாத சாமிக்காக ஒருவரின் கூலியில் காசு பிடிப்பது நியாயமில்லை. கொழுந்து பறித்த கைக்குரிய காசு அது.

சாவு வேறு. செங்குத்தான மலையில் பெட்டியைத் தூக்கிப்போவதும் குழி வெட்டுவதும் ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமல்ல. தோட்டமே சேர்ந்து செய்வது. சந்தா தரவில்லை என்பதற்காக அந்தக் கையுதவியை மறுப்போம் என்று எவராவது பேசினால், நகரத்தில் நாம் அஞ்சுகிற அதே கொடுமையை லயத்துக்குள் நாமே செய்கிறோம். பிறகு பெருந்தொகையினரிடம் நீதி கேட்க நமக்கு என்ன வாய் இருக்கிறது?

ஆகவே கோயில் கமிட்டிகள் அடுத்த திருவிழாக் கூட்டத்திலேயே இரண்டு தீர்மானங்களை எழுதி வைக்கட்டும். சந்தா, விரும்பிக் கையெழுத்து வைத்தவரிடம் மட்டும். மரணத்துக்கு, மதம் கேளாமல் எல்லா வீட்டிலிருந்தும் ஆள்.