அழுகைக்கு அளவுகோலா?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்குத் தனி எழில் வந்துவிடும். மலையைத் தாண்டி வரும் ஆனிக்காற்று முகத்தில் நீர்த்துளி தெளிக்கும். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் ஊர் ஊராய் மக்கள் திரண்டு வருவர். அத்தகைய நாட்களில், ஒரே வாரத்தில், நாம் அருகிருந்து கேட்ட இரண்டு தொலைபேசி அழைப்புகள் இன்னும் நம் செவியை விட்டு அகலவில்லை.

முதலாவது, பேரருவியின் பக்கத்தில். இளைஞர் ஒருவர் வழுக்கி விழுந்தார்; கணுக்கால் பிசகிற்று. உடன் வந்த நண்பர் 108-ஐ அழைத்தார். அழைத்தாரா? அலறினார்! "செத்துருவான் சார், சீக்கிரம் வாங்க சார்!" அருவியின் இரைச்சலையும் வென்றது அந்தக் குரல். அன்று மாலையே, காலில் கட்டோடு கடைவாசலில் அமர்ந்து அந்த இளைஞர் சூடாக வடை தின்றுகொண்டிருக்கக் கண்டோம். மகிழ்ந்தோம்.

இரண்டாவது, நம் பள்ளிக்குப் பின்னாலுள்ள தெருவில். திண்ணையில் இருந்த முதியவர் சாய்ந்தார், உடலெங்கும் வியர்வை, மூச்சுத் திணறல். அவருடைய மனைவி நம் செல்பேசியை வாங்கிப் பேசினார். "ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு ஒழுங்கா வரல. தோதுப்பட்டா வண்டிய அனுப்புங்கய்யா." நியாயவிலைக் கடையில் அரிசி வந்துவிட்டதா என்று கேட்பவரின் குரல்! கண்ணீர் இல்லை, கதறல் இல்லை. மறுமுனையில், சென்னையில் இருந்தவர் மார்பு வலிக்கிறதா, வியர்க்கிறதா, பேச்சு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊர்தி வந்தது. முதியவர் பிழைத்தார்.

இப்போது, கேட்கும் மனிதருக்கு அருகில் ஒரு பொறியை வைத்துப் பாருங்கள். அழைப்பவரின் குரலில் உள்ள அச்சம் எவ்வளவு, சினம் எவ்வளவு என்று எடைபோட்டுச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு. கற்பனையன்று. பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், மருத்துவ அவசர அழைப்புகளின் உண்மையான பதிவுகளைக் கொண்டே இம்முயற்சியில் ஈடுபட்டுள்ளனர். 2021-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு சுவையானது. நடிகர்கள் பேசி நடித்த உரையாடல்களில், நான்கு வகை உணர்ச்சிகளை நூற்றுக்கு 63 அளவில் சரியாகப் பிரித்தறிந்தது பொறி. உண்மையான அழைப்புகளிலோ, அங்கும் நான்கு வகையில், 45.6 தான்! மேடையில் அழுபவர் பார்ப்போருக்குப் புரியும்படி அழுகிறார். வீட்டில் அழுபவருக்கு அந்தக் கடமை இல்லை.

பொறி தேறும், இந்த எண்கள் உயரும் என்பர் நண்பர்கள். உயரட்டும். நம் ஐயம் பிழையின் அளவைப் பற்றியதன்று. நூற்றுக்கு நூறு சரியாகவே கேட்கட்டுமே! அந்த மூதாட்டியின் குரல் உண்மையிலேயே அமைதியாகத்தானே இருந்தது? அமைதி என்று பொறி எழுதினால், அதில் பிழை ஏது? பிழையே இல்லாத அந்த விடையைக் கொண்டு, எந்த ஊர்தி முதலில் செல்வது என்று முடிவு செய்தால், வழுக்கியவருக்கு வண்டி. மூச்சு நின்றுகொண்டிருந்தவருக்குக் காத்திருப்பு!

அமைதி எங்கிருந்து வந்தது என்று கேட்போம். பிறர் வயலில் நாற்று நட்டே முதுமை அடைந்தவர் அவர். ஐயா என்ற சொல்லுக்கு முன்னால் குரல் உயரலாகாது என்று அவருடைய தாய்க்கும், தாயின் தாய்க்கும் கற்பிக்கப்பட்டது; கற்பித்தவர்கள் யார் என்று நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டுமா? உரத்துக் கேட்பது சிலருக்கு உரிமை, சிலருக்குக் குற்றம் என்றிருந்த ஊரில், குரலை எடைபோடும் தராசு நடுநிலையாக நிற்குமா? துயரத்தில் கல்லாகிப் போவோரும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. அத்தகைய வேளையில் கரையில் நிற்போர் எல்லோருக்கும் கூக்குரல் வந்துவிடுமா?

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். எண்ணியதோடு விட்டாரில்லை; ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் களன் நான்கு எனக் காட்டினார். இழிவும் இழப்பும் தளர்ச்சியும் வறுமையும் அழுகையின் களன்கள். அச்சத்தின் களன்களுள், மேலோராகிய இறையும் ஒன்று! குரல் நடுங்கினால், நோயைக் கண்டு நடுங்குகிறதா, மறுமுனையில் உள்ள அதிகாரத்தைக் கண்டு நடுங்குகிறதா? அடங்கினால், துயர் இல்லாமல் அடங்கிற்றா, அடக்கப்பட்டு அடங்கிற்றா? ஒலியை மட்டும் அறிந்த பொறிக்குக் களன் தெரியாது.

இயந்திரம் என்றதும் மிரளும் பழமைவாதிகள் அல்லர் நாம். டென்மார்க்கின் கோபன்கேகனில், 2014-ல் வந்த 1,08,607 அவசர அழைப்புகளை ஒரு பொறியிடம் கொடுத்து, 2019-ல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் இதயம் நின்றுபோன நிகழ்ச்சிகள் 918. அவற்றுள் பணியாளர் கண்டறிந்தது நூற்றுக்கு 72.5, பொறி கண்டறிந்தது 84.1. பணியாளர்க்கு 54 நொடி ஆன இடத்தில் பொறிக்கு 44 நொடி. இதயம் நின்றவர்க்குப் பத்து நொடி பெரிது! ஆனால் அந்தப் பொறி தேடியது நோயின் அடையாளத்தை. அழைப்பவர் எவ்வளவு கலங்கினார் என்பதையன்று. (2021-ல் வெளியான அடுத்த சோதனையில், பொறி எச்சரித்தும் பணியாளரின் கண்டறிதல் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.)

பதறுவோரைத் தேற்றுவதற்குப் பணியாளருக்கு அந்த உணர்ச்சிப்பொறி துணை நிற்குமானால் நிற்கட்டும், தடை சொல்லோம். ஊர்திகளின் வரிசையில் மட்டும் அது கை வைக்கலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய சட்டம், அவசர அழைப்புகளைத் தரம் பிரிக்கும் பொறிகளை மிகுந்த இடர் உடையவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. 2008 முதல் 108 ஊர்தி ஓடும் நம் தமிழ்நாட்டில், அப்பொறி வருமுன்னரே அத்தகைய வேலியைக் கேட்பது இளைஞர் கடமை.

சென்ற வாரம் அந்த மூதாட்டியை வழியில் கண்டோம். கணவர் நலம் என்றார். பிறகு தயங்கி நின்று, மெல்லக் கேட்டார்:

"அன்னைக்குப் போன்ல நான் மரியாதையாத்தான பேசுனேன், சார்?"