கை நடுங்கினால் உடல் நடுங்குமா?

முழுமை என்பது உறுப்புகளின் வேறாக நிற்கும் பொருளா, உறுப்புகளின் திரளுக்கு இடப்பட்ட பெயர் மட்டுமா என்ற வினாவில் நியாய வைசேடிகரும் பௌத்தரும் பல நூற்றாண்டுகள் முரண்பட்டனர். அவயவி எனப்படும் முழுமை, சமவாயம் என்னும் பிரிக்கவியலா உறவால் உறுப்புகளில் தங்கும் தனிப்பொருள் என்றனர் முன்னவர். அவ்வாறாயின் கை நடுங்கும்போது உடல் முழுவதும் நடுங்க வேண்டுமே என்று மடக்கினார் பௌத்த தருக்கவாதி தருமகீர்த்தி.

இந்த மடக்கைச் சோதிக்க ஏற்ற பொருள்களுள் ஒன்று, கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழர் பால்மரம் வெட்டி எடுத்த ரப்பர். பல மடங்கு நீண்டும் மீளும் அதற்கு, உருத்திரிபு மிகச் சிறியது எனக் கொண்ட பழைய கணக்கு போதவில்லை. மலாயா உள்ளிட்ட நாடுகளின் ரப்பர் உற்பத்தியாளர் நிதியில் இங்கிலாந்தில் இயங்கிய நிறுவனத்தில், ரொனால்ட் ரிவ்லின் 1940களில் பெரும் உருத்திரிபுக் கோட்பாட்டை வகுத்தார். ஆயினும் அவர் கணக்கில் புள்ளிக்கு இடப்பெயர்ச்சி மட்டுமே உண்டு. அவருக்கு முன்பே பிரெஞ்சு நாட்டுக் கொசெரா சகோதரர்கள் புள்ளிக்குத் தனிச்சுழற்சியையும் அளித்திருந்தனர் (1909). எரிங்கன் 1960களில் மைக்ரோபோலார் எனப் பெயரிட்டு விரித்த இக்கோட்பாட்டில், அண்டைப் பகுதிகள் ஒன்றையொன்று தள்ளுவதோடு முறுக்கவும் செய்கின்றன. கண்ணறைகள் நிறைந்த நுரைப்பொருளில் இதன் அடையாளங்களை ரோடெரிக் லேக்ஸ் 1980களில் அளந்தார்.

இத்தகைய உருத்திரிபைக் கணிக்கும் ஃபைனைட் எலிமென்ட் முறை, பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்து, அவை சந்திக்கும் கணுக்களில் இணைக்கிறது. ஒரு கணுவின் அசைவு, பொருளின் விறைப்புக்கும் பிடிப்புக்கும் ஏற்ப அளவு மாறி அண்டைக் கூறுகளுக்குப் பரவுகிறது. முழுதும் ஒருசேர நடுங்குவதுமில்லை, கை தனித்து நடுங்குவதுமில்லை. தருமகீர்த்தியின் மடக்கு இங்கே தளர்கிறது. அதனால் நியாயர் வென்றார் எனக் கொள்வது அவசரமாகும். ஏனெனில் கூறுகளின் எல்லை கணிப்பவர் வரைந்த கோடு, பொருளில் அப்படியொரு கோடு இல்லை. திரள் என்ற பௌத்தர் விடையும் பெருஞ்சுழற்சியில் இடறுகிறது: முப்பரிமாணத்தில் இரு சுழற்சிகளின் வரிசையை மாற்றினால் முடிவும் மாறுவதால், அவற்றை எண்களைப் போலக் கூட்டித் தொகுக்க இயலாது. மேலும் மைக்ரோபோலார் பொருளுக்கு, நுண்ணமைப்பின் அளவைச் சார்ந்த ஒரு நீளம் இயல்பாகவே உண்டு. மெல்லிய தண்டு, தனிச்சுழற்சி இல்லாத கணக்கு சொல்வதைவிட விறைப்பாக இருப்பது அதனால்தான். கணிப்பவர் கூறுகளை எத்தனை நுணுக்கினாலும் மாறுவன அவருடைய கோடுகளே. அந்த நீளம் மாறுவதில்லை.