பழிக்கு ஒரு கணக்கு, கொலைக்கு ஒரு கணக்கு

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தி, திரையுலகினரின் அந்தரங்கத்தைப் பொய்யும் மெய்யும் கலந்து விற்றவர். அவர் எழுத்தால் அடிபட்ட திரை நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் முதலில் நாடியது சட்டத்தைத்தான். கவர்னரிடம் மனுக் கொடுத்துச் 'சினிமா தூது' உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். கொலைக்குப் பிறகு அதே மனக்காயம் அவர்களுக்கு எதிரான நோக்கமாகக் கோர்ட்டில் வந்து நின்றது. அவதூறுக்கு ஆளானவன் வாய்திறந்து வருந்தினால், அந்த வருத்தமே ஒருநாள் அவனைச் சந்தேகத்துக்குரியவனாக்கும் என்றால், அவன் எங்கே போய் முறையிடுவது?

1945இல் ஜூரிகளின் பெரும்பான்மைத் தீர்ப்புப்படி இருவருக்கும் தீவாந்திர தண்டனை. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கச் சொல்லித் திரும்பி, 1947 ஏப்ரலில்தான் விடுதலை கிடைத்தது. பணமும் பெரிய வக்கீல்களும் இருந்ததால் தப்பித்தார்கள் என்று அன்றே பேசியவர்கள் உண்டு. லண்டன் வரை போகப் பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது ஏழைக்கு மேல்முறையீடு எட்டாதிருப்பதைக் கண்டிக்கும் வாதமே தவிர, விடுதலையைச் சந்தேகிக்கும் வாதமல்ல. மேல்முறையீடே இல்லாத தீர்ப்பு என்ன செய்யும் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? சிலப்பதிகாரத்தில் தீர விசாரிக்காமல் கோவலன் கொல்லப்பட்டது அங்கேதானே.

இதைவிடச் சிக்கலான கேள்வியை இத்தாலியின் பெரூஜா வழக்கு எழுப்புகிறது. 2007 நவம்பரில் அங்கே பிரிட்டிஷ் மாணவி ஒருவர் கொல்லப்பட்டார். அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த அமெரிக்க மாணவி அமாண்டா நாக்ஸுக்கு 2009இல் தண்டனை, 2011இல் விடுதலை, 2013இல் அந்த விடுதலை ரத்து, 2014இல் மீண்டும் தண்டனை, 2015இல் இறுதி விடுதலை. கொலைக்காக வேறொருவர் தண்டிக்கப்பட்டார். ஆனால் போலீஸ் விசாரணையில் நாக்ஸ், தான் வேலை பார்த்த மதுக்கூடத்தின் உரிமையாளரைக் கொலைகாரர் என்று சொல்லியிருந்தார். குற்றமற்ற அந்த மனிதர் ஏறத்தாழ இரண்டு வாரம் சிறையில் இருந்தார். விசாரணையின்போது நாக்ஸுக்கு வக்கீல் துணை இல்லை, முறையான மொழிபெயர்ப்பு உதவியும் இல்லை என்று 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டித்தது. அதன் பிறகும், அவர் கைப்பட எழுதிய குறிப்பை ஆதாரமாக வைத்து, பொய்ப்பழி சுமத்திய குற்றம் 2024இல் மறுபடி உறுதியானது. 2025 ஜனவரியில் இத்தாலியின் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

மிரட்டலில் வந்த சொல்லுக்குத் தண்டனையா என்று கேட்பது நியாயமே. நம் நாட்டுச் சட்டம் போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்பதில்லை. நள்ளிரவு விசாரணையின் அச்சத்தில் இருபது வயதுப் பெண் சொன்னதைத் திட்டமிட்ட பொய்யோடு சமமாக வைக்க முடியாது. தண்டனை மிகை என்றே தோன்றுகிறது. ஆனால் தண்டனை மிகை என்பதாலேயே தீங்கு இல்லை என்றாகிவிடாது. அச்சம் தெளிந்த பிறகு, உள்ளே கிடப்பவர் நிரபராதி என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும் கடமை ஒன்று மிச்சமிருந்தது. அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர் என்பதும், இன்னொருவர் அநியாயமாகச் சிறைபோகக் காரணமானவர் என்பதும் ஒரே ஆளைப் பற்றிய இரண்டு உண்மைகள். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க நினைப்பது, இரக்கத்தின் பெயரால் செய்தாலும், மூன்றாம் மனிதனுக்கு இழைக்கும் அநீதி.

லட்சுமிகாந்தன் விஷயத்தில் தமிழ் நினைவு செய்திருப்பது இதைத்தான். அந்த வழக்கை இன்றும் ஒரு நட்சத்திரத்தின் வீழ்ச்சியாகவே சொல்கிறோம்: 'ஹரிதாஸ்' படம் அரங்கு நிறைந்து ஓடியது, சிறைக்குப் பின் வந்த 'ராஜமுக்தி' படம் எடுபடவில்லை, 1959இல் பாகவதர் மறைந்தார். எல்லாம் உண்மை, துயரமும்கூட. ஆனால் அந்தக் கதையில் குத்துப்பட்டவன் வில்லனாகவே வந்து போகிறான். அவன் எழுத்து இழிவானது. அதற்கான தண்டனை உரிமப் பறிப்பிலும் அவதூறுச் சட்டத்திலும் இருந்தது, கத்தியில் இல்லை. அப்படிப்பட்டவனுக்காக யார் வருந்துவார் என்று கேட்கலாம். வருந்தவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களே, அவன் செத்ததும் ஒழிந்தான் என்று ஆறுதல்பட்டு, அடுத்த நாள் முதல் பாகவதரைப் பற்றிய வதந்தியை அதே ருசியோடு பேசத் தொடங்கினால், அவனுடைய தொழிலை யார் தொடர்ந்து நடத்தினார்கள்?